வண்ணத்துக்கு அல்ல, கூலிக்குத்தான் பணம் கேட்கிறோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வழிதவறும் சூழலில் வளரும் நகரத்துப் பிள்ளைகளுக்கான சுவரோவியத் திட்டங்களுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா, கூடாதா என்பது இன்றைய வழக்கு. செலவிட்டே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "வேலையில்லாமல் தெருவில் நிற்கும் பையனுக்குத் தூரிகையைக் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடுமா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அந்தக் கேள்வியில் ஒரு தவறான கற்பனை ஒளிந்திருக்கிறது. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வண்ணப் பெட்டி கொடுத்துப் பொழுதுபோக்கச் சொல்வதைத்தான் அவர் சுவரோவியத் திட்டம் என்று நினைத்திருக்கிறார்.

நடந்த கதையைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வெள்ளநீர் ஓடுவதற்காகக் கட்டிய நீளமான கான்கிரீட் கால்வாய் ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டு கோடையில் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் அதன் சுவரில் வரைய ஆட்களைச் சேர்த்தார். யாரைச் சேர்த்தார் தெரியுமா? குற்றவியல் நீதித் துறை அனுப்பிவைத்த 80 இளைஞர்களை. அவர்களோடு ஓவியர்களும் வரலாற்று அறிஞர்களும் இருந்தார்கள். கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் தொடங்கி, குடியேறிவந்து உழைத்து ஒதுக்கப்பட்ட மக்கள் வரை, பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட வரலாறு அந்தச் சுவரில் ஏறியது. முதல் கோடையிலேயே ஏறத்தாழ 1,000 அடி முடிந்தது. 1983 வரை ஐந்து கோடைகளில் 2,754 அடி நீளத்துக்கு அது வளர்ந்தது. 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் அதில் உழைத்தார்கள். உழைத்த பிள்ளைகளுக்குக் கூலி கிடைத்தது! எதிரணித் தலைவர் கேட்ட வயிற்றுக்கான பதில் இந்தக் கூலியில் இருக்கிறது. நாங்கள் கேட்கும் நிதியில் பெரும்பங்கு பெயின்ட் டப்பாவுக்குப் போகக் கூடாது. அந்தப் பிள்ளைகளின் கைக்குச் சம்பளமாகப் போக வேண்டும்.

அது என்ன வேலை என்று அருகில் போய்ப் பாருங்கள். முதலில் சுவரைக் கழுவ வேண்டும். உரிந்து நிற்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். விரிசலைப் பூசி, காயவிட்டு, பிரைமர் அடிக்க வேண்டும். இவ்வளவும் முடியும் வரை ஒரு கோடுகூட விழுந்திருக்காது. பிறகு காகிதத்தில் இருக்கும் படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட வேண்டும். காகிதத்தில் ஓர் அங்குலம் சுவரில் ஓர் அடி என்றால், கால் அங்குலம் பிசகினாலும் சுவரில் மூக்கு மூன்று அங்குலம் தள்ளிப்போய்விடும். கணக்கு வராது என்று பள்ளியை விட்டு வந்த பையன் இங்கே அளவுகோலோடு நின்று விகிதம் போடுகிறான். சாரத்தின் மேல்தட்டில் நிற்பவன், கீழே பலகையைக் கட்டியவனை நம்பித்தான் ஏறுகிறான். அந்த இருவரும் நேற்றுவரை எதிரெதிர்க் கும்பலில் இருந்தவர்களாக இருக்கலாம். ஒருவன் வேலைக்கு வராவிட்டால் அவனுடைய கட்டம் வெறுமையாக நிற்கும். அது தெருவுக்கே தெரியும். ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, "இன்று வரைந்தால் நாளை எவனாவது கிறுக்கிவிட்டுப் போவான்" என்றார்கள். போகட்டுமே. கிறுக்கியதைத் துடைத்துச் சரிசெய்வதும் வேலைதானே? காப்புப் பூச்சு இருக்கிறது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் வழி இருக்கிறது. கால்வாய்ச் சுவர் ஓவியத்தையும் 2011-இல் புதுப்பித்தார்கள். ஆனால் கிறுக்குகிறவன் யார் என்று எதிரணி யோசித்ததா? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் யோசித்தது. 1984-இல் அதன் மேயர் வில்சன் கூட் சுவர்க் கிறுக்கலுக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதில் வேலைக்கு வந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், கிறுக்கிய பையன்களையே தேடிப் போனார். இரவில் திருட்டுத்தனமாகச் சுவரேறி வரைகிறவனிடம் துணிச்சல் இருக்கிறது, கை இருக்கிறது, தன் பெயரை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். ஒழிப்பு அமைப்பாகப் பிறந்தது பின்னர் நகரத்தின் சுவரோவியத் திட்டமாகவே மாறியது. இன்று அங்கே 4,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாகியிருக்கின்றன. சிறையில் இருப்பவர்களும் மெல்லிய துணியில் பகுதி பகுதியாக வரைகிறார்கள். அந்தத் துணியை வெளியே கொண்டுவந்து சுவரில் ஒட்டுகிறார்கள். உள்ளே இருப்பவன் வரைந்தது ஊரின் நடுவே நிற்கிறது.

எதிரணியின் கனமான கேள்விக்கு வருகிறேன். "இதனால் குற்றம் எத்தனை சதவீதம் குறைந்தது?" என்றார்கள். ஒரு சுவர் இத்தனை திருட்டைத் தடுத்தது என்று நான் கணக்குக் காட்டப் போவதில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வீடு, பள்ளி, வேலை, காவல்துறை எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது, அதில் ஓவியத்தின் பங்கை மட்டும் தராசில் நிறுத்துக் காட்டுபவரை நானே நம்ப மாட்டேன். ஆனால் அளக்க முடிந்ததை அளந்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் மனநலத்தை முன்வைத்து நடந்த சுவரோவியத் திட்டத்தை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். புதிய ஓவியங்கள் எழுந்த இடங்களின் அருகில் வசிப்பவர்களிடையே, அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள் என்ற நம்பிக்கை கூடியது. மனநலச் சிக்கல் உள்ளவர்கள்மீதான ஒதுக்கல் ஓரளவு குறைந்தது. இளைஞர் குற்றத்தைப் பற்றிய ஆய்வு அல்ல அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பையனைக் கும்பல் இழுக்கும்போது, "இவன் எங்கள் தெருப் பிள்ளை" என்று குறுக்கே நிற்க அந்த அக்கம்பக்கம்தானே வேண்டும்? இதே கறாரான கணக்கை, பிள்ளைகளைப் பூட்டிவைக்கச் செலவாகும் பணத்துக்கும் கேட்டிருக்கிறீர்களா?

எல்லா உதவியிலும் இந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குகிறவர்கள். அறிவுரை வாங்குகிறார்கள், எச்சரிக்கை வாங்குகிறார்கள், இலவசம் வாங்குகிறார்கள். சுவருக்கு முன்னால் மட்டும்தான் அவன் கொடுக்கிறவன். ஊர் அவனிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. பதினாறு வயதில் அந்த இடம் கிடைக்காதவன் அதைப் பயமுறுத்தியாவது அடையப் பார்க்கிறான்.

நடுவர் அவர்களே, எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வதானால் கறாராகவே சொல்லுங்கள். பேர்பெற்ற ஓவியரை வெளியிலிருந்து வரவழைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளை வாளி தூக்கவைத்துப் படம் பிடித்துக்கொள்ளும் இரண்டு நாள் விழாவுக்கு ஒரு காசும் தர வேண்டாம். அதை நானும் எதிர்க்கிறேன். எந்தப் படம் வரைவது என்று அந்தத் தெரு மக்களும் பிள்ளைகளும் கூடிப் பேசி முடிவெடுக்கும் திட்டத்துக்குக் கொடுங்கள். உழைத்த ஒவ்வொரு மணிக்கும் கூலி தரும் திட்டத்துக்கு, ஒரு கோடையோடு கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் திட்டத்துக்குக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.