வெள்ளைச் சட்டை

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். கல்யாண வீட்டில் அது சரி. குற்றவாளிக் கூண்டில் அந்தப் பாதி ஒருவன் வாழ்க்கையையே தீர்த்துவிடும்.

1959 ஏப்ரல் 27. இதே மும்பையில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகிய பிரேம் அகுஜாவைச் சுட்டார். மூன்று குண்டுகள். விசாரணைக்கு அவர் வெள்ளைச் சீருடையில், நெஞ்சில் பதக்கங்களோடு வந்தார். குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் ‘குற்றமற்றவர்’ என்றார்கள். சீருடை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரப் பத்திரிகையும் அவருக்காக ஊரையே கிளப்பிவிட்டிருந்தது. செஷன்ஸ் நீதிபதி அந்த முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே எடுபட்டது ஒரு துண்டு. அகுஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றவர். கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது என்றது நானாவதி தரப்பு. கைகலப்பு என்றால் துண்டு அவிழ்ந்திருக்காதா? உடலில் கட்டினது கட்டினபடி இருந்தது. ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

புகைப்படம் இன்னும் பொல்லாதது. கொலையுண்டவரின் படம் யார் கொன்றார் என்று சொல்வதே இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் மாதிரி ஜூரிகளை வைத்து நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், படம் பார்த்தவர்கள்தான் அதிகமாக ‘குற்றவாளி’ என்றார்கள். கோரமில்லாத படத்துக்கும் அதே கதி. கைதி உடையில் ஜூரி முன் நிற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது.

நம் நாட்டில் இப்போது கொலை வழக்குக்கு ஜூரி கிடையாது. ஆனால் கையில் போன் வைத்திருக்கும் எல்லாருமே ஜூரிதான்.

என்னிடம் ஒரு வழக்கு வந்தது. தாராவிப் பையன், திருநெல்வேலிக் குடும்பம். பல பேரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு முடியும்வரை சாட்சி அவனைப் பார்த்துவிடக் கூடாது. அதற்காகத்தான் போலீஸ் முகத்தில் துணி போட்டுக் கூட்டிப்போகிறது. ஆனால் ஸ்டேஷனில் கிழிந்த பனியனோடு எடுத்த அவன் படம், அணிவகுப்புக்கு முன்பே நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டது. குறுக்கு விசாரணையில் சாட்சியைக் கேட்டேன்: “முதலில் எங்கே பார்த்தீர்கள்?” சற்று யோசித்துவிட்டு, “மொபைல் மே” என்றார், மொபைலில் என்று.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் அம்மா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். “சார், சட்டைய மட்டும் மாத்திக்க விடச் சொல்லுங்க. அந்தப் போட்டோவுல இருக்க மாதிரி எம் புள்ள நிக்கக் கூடாது.”

பையன் விடுதலையாகிவிட்டான். வேலை கேட்டுப் போகிற இடத்தில் இன்றைக்கும் அந்தப் பனியன் படத்தை எடுத்து நீட்டுகிறார்கள். இந்த அரங்கில் யார் போனிலாவது அது இருக்கும். வீட்டுக்குப் போவதற்குள் அழித்துவிடுங்கள்.