ஒரு சொட்டு ரத்தம் இல்லாத படம்

(ஞாயித்துக்கிழமை சாயந்திரம் தாராவியில நம்ம ஆளுங்க கூட்டத்துல பேசினது. ரெக்கார்டிங்கைக் கேட்டு டைப் பண்ணினது, பேசின மாதிரியே விட்டிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். ஃபேன் சத்தத்துல பின்னாடி கேக்கலைன்னா கையத் தூக்குங்க அண்ணாச்சி.

கராத்தே மாஸ்டருக்கு சினிமா பத்திப் பேச என்ன இருக்குன்னு சிலர் நினைக்கலாம். ஞாயித்துக்கிழமை சண்டைப் படம் பாத்த பிள்ளைங்களை திங்கக்கிழமை சாயந்திரம் மேய்க்கிறவன் நான்தான், அவ்வளவுதான் என் தகுதி. போன மழைக்கு முன்னாடி என்கிட்ட படிக்கிற எட்டு வயசுப் பையன் ஒருத்தன் பில்டிங் மாடிப்படி நாலாவது படியிலேர்ந்து பறந்து உதைச்சான், கீழ நின்ன பக்கத்து வீட்டுப் பையனுக்கு உதட்டுல ரெண்டு தையல். விசாரிச்சா முந்தின நாள் ஒரு ரோபோ சண்டைப் படம் பாத்திருக்கான். அவங்க அம்மா அழுதுக்கிட்டே சொல்லுறாங்க, "மாஸ்டர், ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லாத படம்னுதானே பாக்க விட்டேன்"னு. எனக்கு அங்கதான் பொறி தட்டிச்சு. ரத்தம் இல்லாததுதாங்க பிரச்சினையே.

நாம எல்லாரும் ரத்தம் இருக்கா, முத்தம் இருக்கா, கெட்ட வார்த்தை இருக்கான்னு மூணையும் பாத்துட்டு சரி போன்னு விட்டுடுறோம். நான் பாக்கச் சொல்றது வேற, அடி வாங்கினவன் எப்படி விழுறான், விழுந்தவனுக்கு வலிக்குதா, எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகுது, அவனை யாராவது தூக்குறாங்களா. இருபதாவது மாடியிலேர்ந்து விழுந்தவன் சட்டையத் தட்டிட்டு அடுத்த அடிக்கு ரெடியாவுறான்னா ஏழெட்டு வயசுப் பிள்ளை மனசுல என்ன பதியும்? உதைச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதான் பதியும். சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல இது இன்னும் மோசம், ஏன்னா அடி வாங்குறது மிஷினு, இல்லன்னா வேற கிரகத்து ஆளு, இல்லன்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பொம்மை, யாருக்குமே அம்மா அப்பா கிடையாது.

இது நானா கட்டின கதை இல்ல. 1961ல ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர் அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல நர்சரிப் பிள்ளைங்க முன்னாடி ஒரு பெரியவர் காத்தடைச்ச பொம்மைய சுத்தியலால போட்டு அடிக்கிறதைக் காமிச்சாரு, அப்புறம் பிள்ளைங்களும் அதே மாதிரி, அதே சுத்தியல் எடுத்து அடிச்சுதுங்க. 1963ல அதையே ஃபிலிமா போட்டுக் காமிச்சப்பவும் அப்படித்தான். 1965ல பண்ணினதுதான் எனக்கு முக்கியம், ஃபிலிம்ல அடிச்சவருக்கு தண்டனை கிடைச்சதைப் பாத்த பிள்ளைங்க குறைச்சலா அடிச்சுதுங்க, ஒண்ணுமே நடக்காததைப் பாத்த பிள்ளைங்க அதைவிட அதிகமா அடிச்சுதுங்க. பாத்தீங்களா, விளைவுதான் விஷயம்.

சர்டிபிகேட் இருக்கேன்னு கேப்பீங்க. சென்சார் போர்டு ஹெட் ஆபீஸே நம்ம மும்பையிலதான் இருக்கு. 2023ல சட்டத்தைத் திருத்தி யூஏவை, அதான் பிள்ளைங்க பெத்தவங்க வழிகாட்டுதலோட பாக்கலாம்ங்கிற சர்டிபிகேட்டை, 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சுட்டாங்க, நல்லதுதான். ஆனா அந்த வயசு பெத்தவங்களுக்கு ஒரு வழிகாட்டிதான், பெத்தவங்க, கார்டியன் தவிர வேற யாரும் அதை வச்சுக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சட்டத்துலயே இருக்கு. ஏ படத்துக்குத்தான் 18க்குக் கீழ உள்ள விடக்கூடாது. மத்ததெல்லாம் நம்ம தலையில. ஓடிடியில 13+க்கும் அதுக்கு மேலயும் லாக் வசதி வைக்கணும்னு 2021 ரூல்ஸ் சொல்லுது, நம்ம வீட்டுல அந்த லாக் நம்பர் பிள்ளைங்களுக்குத்தான் தெரியும், அது வேற கதை. (சிரிப்பு)

1999ல வந்த மேட்ரிக்ஸ் பாத்திருப்பீங்க, மனுசங்க தொட்டிக்குள்ள தூங்கிக்கிட்டே கம்ப்யூட்டர் காட்டுற உலகத்தை நிஜம்னு நம்புற கதை. அமெரிக்காவுல அதுக்கு ஆர், 17க்குக் கீழன்னா பெரியவங்க கூட வரணும். அந்தப் படத்துல ஒரு நல்ல விஷயம் இருக்கு, ஹீரோ முதல் தடவை மாடி தாண்டிக் குதிச்சுக் கீழ விழுறான், கம்ப்யூட்டர் உலகம்தானேன்னு நினைச்சா கண்ணு முழிக்கும்போது வாயில நிஜ ரத்தம். சபாஷ். ஆனா அதே படத்துல பில்டிங் வாசல்ல நிக்கிற காவலாளிங்களை வரிசையா சுட்டுட்டுப் போறாங்க பாருங்க, கதைப்படி அவங்களும் எங்கேயோ ஒரு தொட்டிக்குள்ள கிடக்கிற மனுசங்கதான், சுடுற அந்த இடத்துல அதைப் பத்தி யாரும் வாயத் திறக்கல. பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட இதை உக்காந்து பேசலாம், எட்டு வயசுக்கு எங்க புரியும்? அவனுக்கு கருப்புக் கண்ணாடிதான் தெரியும்.

ஏழாம் அறிவு வேற மாதிரி. 2011 தீபாவளிக்கு வந்துச்சு, சீனாவுக்குப் போய் சண்டைக் கலை சொல்லிக் குடுத்ததா சொல்ற போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர்னு அதுல சொன்னதுல எங்க கிளாஸ்ல அட்மிஷன் கூடிச்சு, நான் குறை சொல்லக் கூடாது. ஆனா அந்த வில்லன் டாங் லீ கண்ணாலயே வசியம் பண்ணி ரோட்டுல போற ஆளுங்களை ஏவி விடுறான்ல, அதைப் பாத்துட்டு என் மக பத்து நாள் தனியா பாத்ரூம் போகல. உதையைப் பாத்துப் பயப்படல, சும்மா நிக்கிற வாட்ச்மேன் மாமா திடீர்னு அடிக்க வந்துருவாரோன்னு பயம். அப்போ அவளுக்கு ஆறு வயசு. தப்பு என்னுதுதான், ஆர்வக் கோளாறுல தூக்கிட்டுப் போனேன்.

அதனால முடிஞ்சா நீங்க முதல்ல பாருங்க, நேரம் இல்லன்னா முதல் ரெண்டு சண்டையையாவது பாருங்க. பாக்கும்போது பக்கத்துல உக்காருங்க, கையில போன் இல்லாம. சண்டை எப்படி எடுத்தாங்கன்னு சொல்லிக் குடுங்க, கம்பி கட்டித் தூக்கினது, மாசக்கணக்கா ஒத்திகை பாத்தது எல்லாம். மேட்ரிக்ஸ் நடிகருங்க யுவான் வூ பிங்னு ஒரு ஹாங்காங் மாஸ்டர்கிட்ட நாலு மாசம் போல ட்ரெயினிங் எடுத்தாங்க, ஹீரோ கியானு ரீவ்ஸ் அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கழுத்து எலும்புல ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து கழுத்துப் பட்டையோட பழகினாரு, அதனால அவருக்கு உதைக்கிற வேலையையே குறைச்சுட்டாங்க.

தையல் போட வச்சானே அந்தப் பையன், அவன்கிட்டயும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பெல்ட் முனைய முறுக்கிட்டே நின்னான். அப்புறம் கேட்டான், "மாஸ்டர், அவருக்கு இப்போ கழுத்து வலிக்குமா?"