பன்னீர் திராட்சைக்கு ஆண்டீஸ் மலையில் ஒரு பங்காளி

[காட்சி: ராயபுரம், கல்மண்டபம். தள்ளுவண்டியில் கருநீலத் திராட்சைக் கொத்துகள், மேலே ஈரத் துணி.]

வணக்கம். கையில் கால் கிலோ பன்னீர் திராட்சை. ஒரு பழத்தை நசுக்கி முகர்ந்து பாருங்கள். ரோஜாப்பூ வாசனை வரும். கற்பனை அல்ல, ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இதிலும் இருக்கிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பழம் இது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தாவரவியலில் இதன் ரகப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க்.

டிசம்பர் நெருங்கினால் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றில் இந்தப் பழத்தை ஜாடியில் ஊறப்போடுவார்கள். கிலோ பழத்துக்குக் கிலோ சர்க்கரை என்பது பாட்டிமார் கணக்கு. அவ்வளவு சர்க்கரை எதற்கு? லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். சாப்பிடுவதற்காகப் பறிக்கிற பழத்தில் 16 முதல் 18 சதவீதம் சர்க்கரை இருந்தாலே அதிகம். அதை வைத்து நல்ல ஒயினுக்கு உரிய 13 சதவீதத்தை எட்டுவது கடினம். பாட்டி அந்தக் குறையைக் கடைச் சர்க்கரையால் நிரப்புகிறார்.

கடைச் சர்க்கரை போடாமலேயே அந்த அளவைத் தாண்டுகிற ஓர் இடம் இருக்கிறது.

[காட்சி: வறண்ட மலைகள், நடுவே பச்சைப் பட்டை போல ஒரு பள்ளத்தாக்கு.]

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலை. சால்டா மாகாணம், கல்ச்சக்கி பள்ளத்தாக்கு. காஃபயாதே என்ற சிற்றூர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே 3,000 மீட்டரைத் தாண்டியும் கொடி நட்டிருக்கிறார்கள். இவ்வூரின் பெருமை டொரோன்டெஸ் என்ற வெள்ளைத் திராட்சை. மரபணுச் சோதனையில் அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற திராட்சை ரகம் என்று தெரிந்தது. நம் பன்னீர் திராட்சையின் பெற்றோரிலும் ஒன்று அதே அலெக்சாந்திரியா மஸ்கட்தான். கல்மண்டபத்துத் தள்ளுவண்டிக்கும் ஆண்டீஸ் மலைக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு.

இன்னோர் ஒற்றுமையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பத்தில் கொடியைப் பந்தலில் படரவிடுகிறார்கள். காஃபயாதேயிலும் டொரோன்டெஸுக்குப் பழைய முறை பந்தல்தான். மலைவெயிலில் கொத்து வெந்துவிடாமல் இலை குடை பிடிக்கிறது.

அப்படியென்றால் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? பகல் வெயிலிலிருந்து. ஆனால் வெயில் நம்மிடமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது இரவு. கோடையில் அங்கே பகல் 30 டிகிரி என்றால் இரவு 15 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். பழமும் மூச்சுவிடுகிறது. சூடான இரவில் அது தன் புளிப்பை, அதாவது மாலிக் அமிலத்தை, எரித்துத் தீர்க்கிறது. குளிர்ந்த இரவில் அந்த எரிப்பு மந்தமாகிறது. பகலில் சேர்ந்த இனிப்பும் தங்குகிறது, புளிப்பும் தங்குகிறது. மே மாதம் காசிமேட்டில் மொட்டைமாடியில் படுத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நள்ளிரவிலும் 28 டிகிரி. அந்தச் சூட்டில் திராட்சையால் மட்டும் எப்படித் தூங்க முடியும்?

[காட்சி: இலையின் அடிப்பக்கம், வெள்ளைப் பூஞ்சை.]

இனி மண்ணைக் கெடுக்காமல் வளர்ப்பது. திராட்சையின் பெரிய எதிரி ஈரம். இலை நனைந்தே கிடந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். அதற்குப் பழைய மருந்து மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. அதன் கதை சுவையானது. பிரான்சில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் இந்தக் கலவையை அடித்துவைப்பார்களாம். அந்த வரிசைகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885-ல் அதை மருந்தாக அறிவித்தார். இயற்கை வேளாண்மையிலும் இதற்கு அனுமதி உண்டு. ஆனால் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும், மட்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. ‘இயற்கை’ என்ற முத்திரையைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கல்ச்சக்கியில் மழை வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர். 2015 டிசம்பரில் சென்னை அதைவிட அதிகத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டது. காற்று உலர்ந்திருப்பதால் மருந்தடிக்கும் வேலை பெரும்பகுதி மிச்சம். சாம்பல் நோய் என்ற வேறொரு பூஞ்சை நோய்க்கு மட்டும் மழை தேவையில்லை, அதற்குக் கந்தகத்தூள் தூவுகிறார்கள்.

மருந்தில் மிச்சமானது தண்ணீரில் செலவாகிறது. மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீரும் கிணறுகளும்தான் கதி. வாய்க்காலில் திறந்துவிட்டுப் பாய்ச்சுவது பழைய வழக்கம். புதிய தோட்டங்களில் சொட்டுநீர். காய் பிடித்தபின் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தே விடுகிறார்கள். கொடி லேசாகத் தவித்தால் பழம் சிறுக்கும். சிறிய பழத்தில் சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும், மணமும் நிறமும் தோலில்தான் இருக்கின்றன. சாறு பிழிந்த சக்கை வீணாவதில்லை, மட்கி எருவாகக் கொடியடிக்கே திரும்புகிறது.

[காட்சி: எண்ணூர் நெடுஞ்சாலை. வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள்.]

இந்தச் சாலையில் வளர்ந்தவனுக்குத் தோன்றுகிற கேள்வி வேறு. இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்ததை வெளியே எப்படிக் கொண்டுவருகிறார்கள்? காஃபயாதேயிலிருந்து புவனோஸ் அய்ரெஸ் துறைமுகத்துக்கு லாரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிறகு கப்பல். ஒரு பாட்டில் ஒயினால் வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பங்கு தோட்டத்தில் உண்டாவதில்லை, கண்ணாடியை உருக்குவதிலும் சுமப்பதிலும்தான் உண்டாகிறது. 400 கிராமில் முடிகிற பாட்டிலை, விலை உயர்ந்ததாகக் காட்டுவதற்காகவே 900 கிராம் வரை தடிமனாக்குகிறார்கள். வாங்குகிறவர் கையில் கனத்தால் உள்ளே இருப்பதும் உசத்தி என்று நம்புகிறாராம்!

[காட்சி: மீண்டும் தள்ளுவண்டி. இருதட்டுத் தராசு.]

நண்பர் வீட்டிலிருந்து அப்படியொரு காலி பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன். வண்டிக்கார அம்மாவிடம் கொடுத்தேன். “கழுவிய பாட்டில்தானே, தம்பி?” என்று கேட்டுவிட்டு ஒரு தட்டில் வைத்தார். மறு தட்டில் ஒரு கொத்து போட்டார். இரண்டு. மூன்று. பாட்டில் தட்டு அசையவில்லை. நான்காவது கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“உள்ளே ஒன்றும் இல்லையே?”