வெயிலைத் தேக்கும் மண்சுவர்: லடாக்கின் செக்மால் வளாகம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வறண்ட நிலத்தில் மக்கள் தங்கிக் கற்பதற்கான இடத்தை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு விடையாக, லே நகருக்கு அருகே சிந்து நதியை ஒட்டியிருக்கும் செக்மால் வளாகத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். செக்மால் (SECMOL) என்பது லடாக் மாணவர்களின் கல்வி, பண்பாட்டு இயக்கம்; லடாக்கின் பொறியாளரும் கல்விச் சீர்திருத்தவாதியுமான சோனம் வாங்சுக்கும் அவருடைய தோழர்களும் 1988இல் தொடங்கிய அமைப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வில் தவறிய லடாக் பிள்ளைகள் பலர் அதன் வளாகத்தில் தங்கிப் படிக்கிறார்கள்.

லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். லே நகர் சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் மழையும் பனியுமாக அங்கே விழுவது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடுவதுண்டு. மேகமற்ற வானம் பகலில் வெயிலை வாரி வழங்குகிறது. அதே வானம் இரவில் நிலத்தின் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே பகலில் வாங்கியதை இரவு வரை காப்பதே அங்கே கட்டடத்தின் முதல் வேலை.

லே இருப்பது வட அட்சம் 34 டிகிரியில். டிசம்பர் உச்சிப்பொழுதில் சூரியன் தென்வானில் சுமார் 32 டிகிரி உயரத்திலேயே நிற்கும்; ஜூன் மாதத்தில் 79 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். செக்மால் கட்டடங்களின் தெற்கு நோக்கிய பெரிய சன்னல்கள் குளிர்காலச் சாய்வெயிலை அறையின் உட்கோடி வரை அழைத்துவர, கோடை வெயிலைக் கூரையின் நீட்சியே தடுத்துவிடுகிறது. கட்டடத்தின் வடபுறம் சரிவு மண்ணோடு ஒட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் தென்முகப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிப் பசுமைக்குடில் ஆக்குகிறார்கள். வெயில் ஏறும் பருவத்தில் அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்சுவர் வெப்பத்தைத் தேக்கி வைக்குமே தவிர, வெளியேறாமல் தடுக்காது. மண்ணால் கட்டினாலே இயற்கைக் கட்டடம் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். செக்மாலில் இடித்து இறுக்கிய கனத்த மண்சுவர் உட்பக்கம் நின்று சூட்டைத் தேக்க, வைக்கோல், மரத்தூள் போன்றவை வெளிப்பக்கம் அதைப் போர்த்திக் காக்கின்றன. அதனால்தான் வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரிக்கும் இறங்கும் இரவுகளில், விறகோ மண்ணெண்ணெயோ எரிக்காமல் பிள்ளைகள் உறங்க முடிகிறது.

தண்ணீரிலும் இதே சிக்கனம்தான். லடாக்கின் மரபு வீடுகளைப் போலவே அங்கும் உலர் கழிப்பறைதான். கழிவின் மேல் மண் தூவி மூடி, மக்கிய பின் வயலுக்கு எருவாக்குகிறார்கள். லே நகரில் சுற்றுலா விடுதிகள் பெருகி, நீரூற்றும் கழிப்பறைகளுக்காக ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்படுவதைப் பார்க்கையில், அந்தப் பழைய ஏற்பாட்டின் அருமை புரிகிறது.

குறையும் உண்டு. மழை அரிதான காலத்துக்கேற்ப அமைந்தவை லடாக்கின் தட்டையான மண்கூரைகள். 2010 ஆகஸ்டில் லே பகுதியில் கொட்டிய பெருமழையும் வெள்ளமும் நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் குடித்தன. இனி அங்கே கட்டுவோர் உயர்ந்த கல் அடித்தளம், நீளமான இறவாரம், நீர் வடியும் வழி ஆகியவற்றுக்குக் கட்டாயம் செலவிட்டாக வேண்டும்.

நம் ஊர் இளம் கட்டடக் கலைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். தெற்கில் கண்ணாடி வைக்கும் முறையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். வட அட்சம் 13 டிகிரியில் இருக்கும் சென்னைக்கு வேண்டியது நிழலும் காற்றும். செக்மாலிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று: அந்த வளாகத்தின் அன்றாட வேலைகளை மாணவர்களே முறைவைத்துப் பார்க்கிறார்கள். பருவத்துக்குத் தாளைக் கட்டவும் கழற்றவும், எருவை வயலுக்குக் கொண்டுபோகவும் ஆளில்லாவிட்டால் இத்தகைய கட்டடம் இயங்காது. எனவே தங்கிக் கற்கும் மையம் ஒன்றை வரையத் தொடங்கும்போதே, அதில் வாழப்போகிறவர்கள் எந்தெந்த வேலையைச் செய்வார்கள் என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள்.