ரிப்பேர் முடிஞ்சது, ஆனா கம்ப்யூட்டர் பேசலையே!

(திரையில்: இருண்ட மானிட்டர். கீபோர்டு தட்டுற சத்தம் மட்டும்.)

ரிப்பேருக்குப் போன லேப்டாப் வீட்டுக்கு வந்தாச்சு. ஆன் ஆகுது, வேகமாவும் ஓடுது. ஆனா பார்வையில்லாத ஒருத்தருக்கு அது இப்போ வெறும் பெட்டி. விண்டோஸைப் புதுசா போட்டவர், திரையை வாசிச்சுக் காட்டுற என்விடிஏவைத் திரும்பப் போடலை. அவர் கணக்குல வேலை முடிஞ்சுது!

உடனே விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூணையும் சேர்த்து அழுத்துங்க. விண்டோஸ் கூடவே வர்ற, திரையை வாசிக்கிற நரேட்டர் பேச ஆரம்பிக்கும். புது விண்டோஸ் 'எந்த நாடு, எந்த கீபோர்டு'ன்னு கேட்கிற கட்டத்துலயே இது வேலை செய்யும். மேக்ல கமாண்டும் எஃப்5-ம். சில கீபோர்டுல எஃப்என் விசையையும் பிடிக்கணும்.

(திரையில்: ஒரு பென் டிரைவ், நெருக்கத்தில்.)

ரிப்பேருக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. என்விடிஏ மெனுவுல டூல்ஸ் போய், ஒரு போர்ட்டபிள் காப்பியை பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்கோங்க. உங்க அமைப்புகளையும் சேர்த்து எடுக்கச் சொல்லி அதுலயே ஒரு டிக் இருக்கும். அப்புறம் வேற விண்டோஸ் கம்ப்யூட்டர்ல செருகி அதைத் திறந்தா, இன்ஸ்டால் பண்ணாமலே உங்களுக்குப் பழகின அதே வேகத்துல பேசும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் அமைப்புத் திரையில மட்டும் இந்த வித்தை பலிக்காது. விண்டோஸே அப்போ எழுந்திருக்காது. கோளாறு பார்க்க விண்டோஸை அத்தியாவசியமானதை மட்டும் வச்சு ஓட்டுற சேஃப் மோடுலயும் பெரும்பாலும் சத்தம் வராது. அங்க பார்வையுள்ள ஒருத்தர் வேணும். பக்கத்துல யாரும் இல்லைன்னா, 2015-ல வந்த பி மை ஐஸ் ஆப்ல போன் கேமராவைக் காட்டினா, ஒரு தன்னார்வலர் திரையைப் படிச்சுச் சொல்வார். பாஸ்வேர்டு, வங்கி விவரம் எதுவும் கேமராவுல விழாம பார்த்துக்கோங்க.

(திரையில்: ஒரு கை மட்டும் டைப் செய்கிறது.)

ஒரு கையால டைப் பண்றவங்க ஸ்டிக்கி கீஸ் போட்டு வச்சிருப்பாங்க. ஷிஃப்டை அஞ்சு தடவை தட்டினா வருமே, அதுதான். சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒண்ணொண்ணா அழுத்த விடும். நமக்கு அது தொல்லை, அவங்களுக்கு அது இன்னொரு கை. ரிப்பேர் பண்றவர் கோளாறுன்னு நினைச்சு அணைச்சிடுவார். மூடி மேல ஒரு சீட்டு ஒட்டுங்க: 'இதை மாத்தாதீங்க.'

காது கேளாதவங்க, போன்லதான் பேசணும்னு சொல்ற இடத்துல சாட் கேளுங்க. சொன்ன படிகள் எழுத்துல இருக்கும், திரும்பப் பார்த்துக்கலாம்.

யாராவது தூரத்துல இருந்து இணைஞ்சு சரி பண்றதா இருந்தா, நீங்க கூப்பிட்டவருக்கு மட்டும் இணைப்புக் குறியீட்டைக் கொடுங்க. தானா போன் பண்ணி 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்'ங்கிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பாஸ்வேர்டு கேட்கிற இடத்துலயே குரல் வருதா? வரலைன்னா, என்விடிஏ பொது அமைப்புல, சைன் இன் திரையிலயும் பேசணும்ங்கிற டிக்கைப் போடச் சொல்லுங்க. அப்புறம் இன்னொரு ரீஸ்டார்ட்.