கிமியா அலிசாதே: மூன்று ஒலிம்பிக், மூன்று கொடி

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் வீராங்கனை கிமியா அலிசாதே. மூன்று ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வேறு கொடி. முதலில் ஈரான், அப்புறம் அகதிகள் அணி, பிறகு பல்கேரியா. மாறாமல் கூடவே வந்தது 57 கிலோ எடைப்பிரிவு மட்டும்தான்.

பிறந்தது 1998-இல், ஈரானின் கராஜ் நகரில். 2014-இல் நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 18. அங்கே காலிறுதியில் ஸ்பெயினின் ஏவா கால்வோவிடம் தோற்றார்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும், கிமியாவின் கதையே அதில்தான் சுற்றுகிறது. ரெப்பசாஜ் என்பார்கள். நம்மைத் தோற்கடித்தவர் இறுதிப்போட்டி வரை போனால் நமக்கு வெண்கலத்துக்கு ஒரு வழி திறக்கும். அவர் நடுவில் தோற்றால் நாமும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கால்வோ இறுதிக்குப் போனார். கிமியா திரும்பி வந்து ஸ்வீடனின் நிகிதா கிளாஸ்னோவிச்சை 5-1 என வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஈரானியப் பெண்!

மறு வருடம் தென் கொரியாவின் முஜுவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி. 2020 ஜனவரியில், நாட்டை விட்டு வெளியேறிவிட்டதாக அறிவித்தார். கட்டாய ஹிஜாபையும், தன் வெற்றியை ஆட்சியாளர்கள் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டதையும் வெளிப்படையாகவே கண்டித்தார். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய முடிவு என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வருவோம். அகதிகள் அணிக்காக இறங்குகிறார். முதல் எதிராளி யார் தெரியுமா? நாஹித் கியானி. ஈரான் அணியில் கூடவே இருந்தவர். ஒருவர் ஹிஜாபுக்கு மேல் தலைக்கவசம் அணிந்திருக்கிறார், இன்னொருவருக்கு ஹிஜாப் இல்லை. நான் அந்த ஆட்டத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் மனசு கனக்கிறது. கிமியா 18-9 என வென்றார். அடுத்து, தொடர்ந்து மூன்றாவது தங்கம் தேடி வந்த பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸ். 16-12! டேக்வாண்டோவில் உடம்பில் நேரடி உதைக்கு 2 புள்ளி, தலையில் பட்டால் 3, சுழன்று உதைத்தால் இன்னும் கூடுதல். கடைசி நொடியில்கூட எல்லாம் தலைகீழாகலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில், ஏற்கெனவே இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனானவரை வீழ்த்தினார். அப்புறம் சீனாவின் சோ லிஜுனை ஒரே புள்ளியில், 9-8.

அதோடு சரி. அரையிறுதியிலும் தோல்வி, வெண்கலப் போட்டியிலும் துருக்கியின் ஹதிஜே குப்ரா இல்குனிடம் 6-8. ஜெயித்திருந்தால் அகதிகள் அணியின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கிமியா இறுதிக்குப் போகாததால் ஜோன்ஸ், நாஹித் இருவருக்கும் ரெப்பசாஜ் வழி அடைபட்டது. என்னைக் கேட்டால், பதக்கமே இல்லாத அந்த ஒரு நாள்தான் அவருடைய மிகச் சிறந்த நாள்.

2024 பாரிஸ். பல்கேரியக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது. முதல் சுற்றில் எதிரே மறுபடியும் நாஹித்! இந்த முறை நாஹித் வென்றார். இப்போது கிமியாவுக்கு வழி திறக்க வேண்டுமென்றால், தன்னைத் தோற்கடித்த அதே நாஹித் ஜெயித்துக்கொண்டே போக வேண்டும். போனார், இறுதிப்போட்டி வரைக்கும். கிமியா ரெப்பசாஜில் நுழைந்து, சீனாவின் லுவோ சோங்ஷியை வென்று வெண்கலம் எடுத்தார்.

இறுதியில் கொரியாவின் கிம் யூ-ஜின்னுக்குத் தங்கம், நாஹித்துக்கு வெள்ளி. ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற முதல் ஈரானியப் பெண் நாஹித். எட்டு வருடங்களுக்கு முன்னால் ஈரானியப் பெண்களின் பதக்கக் கணக்கைத் தொடங்கி வைத்தவர், அன்றைக்கு அதே மேடையில் பல்கேரியாவின் பெயரில் நின்றார். டோக்கியோ ஆட்டத்தை முதலில் பாருங்கள், அப்புறம் பாரிஸ் ஆட்டம். அந்த வரிசையில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள் நண்பர்களே.