உழ உழ குதிரைவாலிப் புல் ஏன் கூடுகிறது?

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நேரடி நெல் விதைப்பில் நன்றாக உழுதுவிட்டுத்தான் விதைக்கிறேன், இருந்தும் குதிரைவாலிப் புல் வருடா வருடம் கூடுகிறது. தண்ணீர் கட்டியும் சாகவில்லை. ஏன்?"

சரி, உழவிலிருந்தே வருகிறேன். இந்தப் புல் (சாப்பிடுகிற குதிரைவாலி இல்லை, அதற்கு உறவான ஒரு களை) ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை வைக்கும், அதில் பெரும்பகுதி நெல் அறுப்புக்கு முன்னாலேயே உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும். விழுந்த உடனே முளைக்காது, சில மாதம் உறக்கத்தில் கிடக்கும். உறக்கம் தெளிந்த பிறகும் வெளிச்சம் பட்டால்தான் நிறைய முளைக்கும், மேல்மண்ணில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் கிடப்பவைதான் சுலபமாக வெளியே வரும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனவை அநேகமாக வராது, ஆனால் எல்லாம் செத்தும் போகாது. நீங்கள் ஆழ உழும்போது மேலே கிடந்ததைப் புதைக்கிறீர்கள், அதே சாலில் பழைய விதையை மேலே கொண்டுவருகிறீர்கள்.

அதனால் விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் விட்டு, புல்லை வேண்டுமென்றே முளைக்க விடுங்கள். இரண்டு வாரம் போல் பொறுத்து, மேலாக மட்டும் கிளறி அழித்துவிட்டு நெல்லை விதையுங்கள். புல்லை முளைக்க விட்ட பிறகு ஆழ உழவு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் இந்தப் புல் கெட்டிக்காரப் புல்! காற்றே இல்லாத சேற்றிலும் இதன் விதை முளை விட்டுவிடும், ஆனால் வேர் பிடித்து நிற்க அதற்குக் காற்று வேண்டும். முளைக்கும் நேரத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் நிறைய அமுங்கிவிடும், இரண்டு மூன்று இலை விட்டு நுனி தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் எவ்வளவு கட்டினாலும் பயனில்லை. சிக்கல் என்னவென்றால் அதே நேரத்தில் நேரடியாக விதைத்த நெல்லும் தண்ணீரைத் தாங்காது, வளர்ந்த நாற்று தாங்கும், அதனால்தான் நடவு வயலில் இந்தத் தொல்லை குறைவு. வயலில் மேடு இருந்தால் முதலில் அதைச் சமப்படுத்துங்கள், தண்ணீர் ஏறாத மேட்டில்தான் புல் கொத்துக் கொத்தாக நிற்கும்.

களைக்கொல்லி அடிக்கலாம், தப்பில்லை, ஆனால் வருடா வருடம் ஒரே மருந்தை அடிக்காதீர்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா நெல் வயல்களில் புரோபனில் என்ற களைக்கொல்லியை இப்படி நம்பியிருந்து, அதற்கு அசையாத குதிரைவாலிப் புல் பெருகிவிட்டது.

கடைசியாக, பிடுங்க ஆள் இறக்கும்போது இலையும், தண்டைச் சுற்றியிருக்கும் அதன் உறையும் சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக மெல்லிய நாக்கு போல ஒன்று இருக்கும், இந்தப் புல்லில் இருக்காது. கதிர் வருவதற்கு முன்னால் பிடுங்கிவிட வேண்டும்.